கறுப்பு நூல் கோத்த ஊசி

அந்த ஓரத்தில் உட்காராதீங்க தம்பி. என் வலது கைப் பக்கம் பெஞ்சில் ஒரு ஆணி தலையைத் தூக்கிக்கிட்டு நிற்குது. போன தடவை ஒரு அம்மாவின் சேலை அதில் மாட்டி, அவங்க வீடு போய்ச் சேர்ந்த பிறகும் முந்தானை இங்கேயே உட்கார்ந்திருந்தது. இப்படி நடுவில் வாங்க. எனக்கும், அந்தக் கோடியில் கண்ணாடி போட்டுக்கிட்டு மடியில் மஞ்சப்பையோடு இருக்கிறாரே, அவருக்கும் நடுவில். இந்த இடம் எப்பவும் காலியாகத்தான் இருக்கும். ஏன்னு கேட்கிறீங்களா? கேட்கலையா? பரவாயில்லை, சொல்றேன். ஊசி போடுற சிஸ்டர் இப்பத்தான் டீ குடிக்கப் போயிருக்காங்க.

தம்பிக்கு என்ன? காலில் கம்பி குத்திடுச்சா? அப்படின்னா ஒரு ஊசியோடு தப்பிச்சீங்க. எனக்கு நாய்க்கடி. வா வா என்று நாலைஞ்சு தடவை கூப்பிட்டுப் போட்டாங்க, இன்னைக்குத்தான் கடைசி. ஊசிக்குப் பயப்படுற ஆள் இல்லை நான். சின்ன வயசிலேயே ஒரு நாய் கடிச்சிருக்கு. அப்பல்லாம் தொப்புளைச் சுத்திப் போடுவாங்க. ஊசியா அது? சாக்குத் தைக்கிற கோணி ஊசிக்கு அண்ணன். என் வயித்தில் குத்தினதும் அது இறங்க மாட்டாமல் வளைஞ்சு, திரும்பி டாக்டரைப் பார்த்தது. அந்த டாக்டர் அன்னைக்கே வேலையை விட்டுட்டு மளிகைக் கடை வச்சுட்டார். வேணும்னா விசாரிச்சுப் பாருங்க. கடையும் இப்ப இல்லை, அது வேற விஷயம்.

ஊசியில் பிழைச்சவன் தம்பி நான். சௌந்தரபாண்டி சவுண்ட் சர்வீஸ். ஆண்டிபட்டி கணவாய்க்கு அந்தப் பக்கம் போய் மைக்செட் சௌந்தரபாண்டின்னு சொல்லுங்க, குழந்தைகூட அழுகையை நிறுத்தும். ரெக்கார்டு காலம் அது. தட்டு சுத்தும், அதுமேல் ஊசி உட்காரும், ஊசிக்குள்ளிருந்து பாட்டு வரும். ஊசி தேய்ஞ்சால் மாத்தணும். நான் மாத்த மாட்டேன், கைராசி அப்படி. ஒரு மாரியம்மன் பொங்கலுக்கு ஒரே ஊசியில் திருவிழா முழுக்க ஓட்டினேன். கடைசி நாள் அந்த ஊசி தேய்ஞ்சு தேய்ஞ்சு தட்டுக்குள்ளேயே இறங்கி, மேல் பக்கத்துப் பாட்டையும் அடிப் பக்கத்துப் பாட்டையும் சேர்த்துப் பாடிடுச்சு. மேலே காதல் பாட்டு, அடியில் சாமி பாட்டு. பூசாரிக்கு ஒரு கால் ஆடுது, ஒரு கால் தயங்குது.

பார்த்தீங்களா, கோடியில் அவர் தொண்டையைச் செருமுறார். நான் பேசினால் அவருக்குத் தொண்டையில் என்னமோ ஆகும். பேர் குருவையா. தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். அவருக்கும் நாய்க்கடிதான். அதே நாய். எனக்கு அவர் என்ன முறைன்னு கேளுங்க. சம்பந்தி. என் மகள் அரசியை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கேன். கல்யாண வரவேற்பு அன்னைக்கு என்கிட்டப் பேச்சை நிறுத்தினார். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது.

எல்லாம் ஒரு ஊசியால் வந்தது தம்பி. சத்தியமா சொல்றேன்.

விளக்கு வச்ச பிறகு யாருக்கும் ஊசி கொடுக்கக் கூடாதுன்னு உங்க வீட்டிலும் சொல்வாங்க, இல்லையா? பகலிலேயே கொடுத்தாலும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கீழே வைக்கணும், அவங்க எடுத்துக்கணும். கையில் கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் சண்டை வரும். நான் அப்ப இதையெல்லாம் நம்பாத ஆள். ஆம்ப்ளிபயரும் கரண்டும் வச்சுப் பிழைக்கிறவன், எனக்கு ஊசியாவது விளக்காவதுன்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுக்குத்தான் அனுபவிக்கிறேன்.

அன்னைக்குச் சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. பெண்ணோட அப்பன் மேடையில் நிற்க வேண்டாமா? நிற்கலை. வேற ஆளை நம்பி என் மகள் கல்யாணத்துக்கு மைக் விட முடியுமா? மண்டபத்துக்கு மேலே ரெண்டு குழாய் ஸ்பீக்கர், கடைவீதிப் பக்கம் ரெண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஒண்ணு. பக்கத்து ஊர்க்காரன் நம்ம கல்யாணத்துக்கு அவன் வீட்டிலிருந்தே மொய் எழுதலாம், அவ்வளவு தெளிவு. நான் மேடைக்குப் பின்னாடி ஆம்ப்ளிபயர் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கேன்.

சம்பந்தி கோட்டும் பேன்ட்டும் போட்டு வந்திருந்தார். மாப்பிள்ளைக்கு எடுத்த துணியில் மிச்சம் வாங்கித் தச்சது. ஆள் அப்ப நல்ல சதைப்பிடிப்பு, டெய்லர் நம்பிக்கையோடு தச்சிருந்தான். யாரோ பெரியவர் வந்தார்னு காலைத் தொட்டுக் கும்பிடக் குனிஞ்சாரு பாருங்க, ஊசிவெடி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். நான் மைக்தான் இரையுதோன்னு பெட்டியைத் தட்டினேன்.

சுவரோடு சுவராகச் சாய்ஞ்சு, நண்டு நடக்கிற மாதிரி நடந்து என்கிட்ட வந்தார்.

"சம்பந்தி, யாருக்கும் தெரிய வேண்டாம். ஒரு ஊசியும் கறுப்பு நூலும் கிடைக்குமா?"

"இது என்ன பெரிய விஷயம், இருங்க"ன்னு என் வீட்டுக்காரி செல்லத்தாயிடம் ஓடினேன். அவள் பெட்டியில் ஊசி இல்லாமல் இருக்காது. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"விளக்கு வச்சாச்சு. இந்நேரம் ஊசியைத் தூக்கிச் சம்பந்தி கையில் கொடுக்கவா? பிள்ளை வாழப் போற இடம். நான் தரமாட்டேன். நீங்களும் தராதீங்க."

"அவர் பின்னாடி காத்து வாங்குதடி!"

"ஒரு துண்டைக் கட்டிக்கிடச் சொல்லுங்க."

கோட்டுக்கு மேல் துண்டா? தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க்கா? எனக்கு மனசு கேட்கலை தம்பி. அந்த மனுஷன் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிற்கிறார். மண்டபத்தில் அத்தனை பொம்பளைங்க இருக்காங்க, ஒருத்தி பையிலாவது ஊசி இருக்காதா? ஒவ்வொருத்தரையா போய்க் கேட்டால் விடிஞ்சுடும். கையில் மைக் இருக்கு.

ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது. அதையும் மரியாதையாகச் சொன்னேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே, ஓர் அன்பான வேண்டுகோள். மாப்பிள்ளையின் தந்தையார் திரு. குருவையா அவர்களின் காற்சட்டை பின்புறம் பிரிந்துவிட்டபடியால், கறுப்பு நூல் கோத்த ஊசி வைத்திருப்பவர்கள் உடனடியாக மேடைக்குப் பின்புறம் வரவும்."

'திரு' போட்டேனா? 'அவர்கள்' போட்டேனா? 'கிழிந்து'ன்னுகூடச் சொல்லலை, 'பிரிந்து'ன்னுதான் சொன்னேன். சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காதேன்னு மறுபடியும் ரெண்டு தடவை சொன்னேன். அதெல்லாம் தொழில் முறை.

பலன் என்ன தெரியுமா? ஊசி மழை! பந்தியில் பாதிச் சோத்தோடு எழுந்து வந்தாங்க. கடைவீதியிலிருந்து ஒரு டெய்லர் மெஷினையே தூக்கிக்கிட்டு வந்துட்டான். பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்திட்டு டிரைவர், "கோணி ஊசி போதுமா அண்ணே?"ன்னு கேட்டார். இருக்கிறதிலேயே நல்ல ஊசியாக, கறுப்பு நூல் நீளமாகக் கோத்ததைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய்ச் சம்பந்தியின் உள்ளங்கையில் வச்சேன். அங்கேதான் தப்பு. கீழே வச்சிருக்கணும். கைக்குக் கை கொடுத்துட்டேன், அதுவும் விளக்கு வச்ச பிறகு.

வாங்கிக்கிட்டு என் முகத்தைப் பார்த்தார் பாருங்க ஒரு பார்வை. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஊசி வேலையைக் காட்டிடுச்சுன்னு. அன்னைக்கு மூடின வாய்.

வேற என்ன காரணம் இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்க. ஏன் தம்பி, எங்கேயோ பார்க்கிறீங்க?

என்னது? அவர் உங்ககிட்ட என்னமோ சொன்னாரே. சத்தமாகச் சொல்லச் சொல்லுங்க, குழாய் பக்கத்திலேயே இருந்து எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம். 'கிழிசல் எவ்வளவுன்னு கேளுங்க'ன்னா? கேட்கிறார் பாருங்க! ஒரு முழம்னு சொல்லுங்க. 'தையல் விட்டது ஒரு விரல்கடை'யாம்! தம்பி, ஒரு விரல்கடைக்கு யாராவது நண்டு நடை நடப்பாங்களா? ஊர் முழுக்க ஒரு முழம்னுதான் பேச்சு. டீக்கடையில் கேளுங்க, சலூனில் கேளுங்க. போன வருஷம் கம்பத்தில் ஒருத்தன் எனக்கே இந்தக் கதையைச் சொன்னான், அவன் ஒன்றரை முழம்னு சொன்னான்.

என்ன சொல்றார்? 'ஊரெல்லாம் யார் சொல்லித் தெரிஞ்சது'ன்னா? நான் யார்கிட்டயும் சொன்னதில்லைன்னு சொல்லுங்க. கேட்டவங்ககிட்ட மட்டும்தான் சொல்வேன்.

சரி, நாய்க்கு வர்றேன். எங்க அரசிக்கு ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. கோயில் குளம் எல்லாம் போய், போன ஐப்பசியில் ஒரு பேத்தி பிறந்தாள். கண்ணு, மூக்கு எல்லாம் என் ஜாடை. குரலும்தான், மைக் வேண்டாம். நானும் பார்க்கப் போவேன், அவரும் போவார். மகனும் மருமகளும் தனி வீடு. நான் காலையில் போனால் அவர் சாயங்காலம் போவார், அவர் காலையில் போனால் நான் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து அவர் போகட்டும்னு பார்த்துக்கிட்டிருப்பேன். அந்தத் தெரு நாய்க்கு இது பழகிப்போச்சு. ஒரு நேரத்துக்கு ஒரு கிழவன்தான்னு அது கணக்கு வச்சிருக்கு. அன்னைக்கு நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். வாசலில் அவர் வெளியே வர, நான் உள்ளே போக, நாய்க்குக் குழம்பிடுச்சு. அவருக்கு இடது காலில் ஒண்ணு, வாய் மூடாமல் எனக்கு வலது காலில் ஒண்ணு. அவரைக் கடிச்சப்போ நாய் குரைச்சது. என்னைக் கடிச்சதும் அதுக்கே மயக்கம் வந்து படுத்துடுச்சு.

ரெண்டு பேர் காலையும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டே அரசி சொன்னாள். அவள் என் மகள், சும்மா சொல்ல மாட்டாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. கடைசி ஊசி போடறதுக்குள்ள ஒருத்தரோட ஒருத்தர் பேசியிருக்கணும். இல்லைன்னா காதுகுத்து கிடையாது. பந்தல் இல்லை, பந்தி இல்லை. பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் பியூட்டி பார்லர்ல துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின் இருக்கு, டக் டக்னு அடிச்சுக் கூட்டிட்டு வந்துருவேன்."

துப்பாக்கி! என் பேத்தி காதுக்கு! தாய்மாமன் மடியில் உட்காரவச்சு, ஆசாரி பொன் ஊசியை எடுக்க, பிள்ளை வீல்னு அலற, அந்த அலறல் கேட்காமல் இருக்க நான் நாயனத்தைக் குழாயில் போட, அதெல்லாம் இல்லாமல் என்ன காதுகுத்து? ரெண்டு புதுக் குழாய் வாங்கி வச்சிருக்கேன் தம்பி. இந்தப் பிள்ளைக்காகவே. இன்னும் அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்கலை. இப்பல்லாம் யார் என்னைக் கூப்பிடுறா?

இன்னைக்குத்தான் கடைசி ஊசி. சிஸ்டர் டீ குடிச்சுட்டு வந்தால் முடிஞ்சது. அவர் பேச மாட்டேங்கிறார்.

நான் ஏன் பேசணும்? ஊசி கொடுத்தவன் நான். வாங்கினவர்தான் முதலில் வாயைத் திறக்கணும், அதுதான் முறை. யார் வச்ச முறையா? நான்தான் வச்சேன், யாராவது வைக்க வேண்டாமா?

இருங்க, அவர் எப்படிக் குனிஞ்சார்னு காட்டுறேன், அப்பத்தான் ஒரு முழமா ஒரு விரல்கடையான்னு உங்களுக்கு விளங்கும். கொஞ்சம் நகர்ந்துக்கிறேன், இடம் பத்தாது. இப்படி உட்கார்ந்திருந்தவர்... இப்படி எழுந்து... பெரியவர் காலைத் தொட இப்படிக் குனிஞ்சு...

ஏன் சிரிக்கிறீங்க? எதிர் பெஞ்சிலும் சிரிக்கிறாங்க. பாருங்க, கதைன்னா இப்படிச் சொல்லணும். இன்னொரு தடவை காட்டுறேன், அந்தப் பக்கம் இருக்கிறவங்களும் பார்க்கட்டும். திரும்பி நின்னு காட்டட்டுமா? இப்படி...

அந்தப் பாப்பா ஏன் முகத்தைப் பொத்திக்குது? அவ்வளவு சிரிப்பா?

அவர் எழுந்து போறாரே. நான் ஜெயிச்சுட்டேன் தம்பி. எங்கே போறார்? டோக்கன் கூப்பிடுற ஜன்னல் பக்கம். அந்த மைக்கைப் பார்த்தீங்களா? குய்யின்னு ஊளையிடுது. போன தடவை வந்தப்பவே நான் சொன்னேன், ஸ்பீக்கர் பெட்டியை இந்தப் பக்கம் திருப்பி வைங்கன்னு. யார் கேட்கிறா? சீட்டு எழுதுற பொண்ணுகிட்ட என்னமோ குசுகுசுக்கிறார். அந்தப் பொண்ணு எட்டி என்னைப் பார்க்குது. வாயைப் பொத்திக்கிட்டு மைக்கை நகர்த்திக் கொடுக்குது.

என்ன செய்யறார் அவர்?

"பெரியோர்களே, தாய்மார்களே, ஓர் அன்பான வேண்டுகோள்."

குரலைக் கேட்டீங்களா? அவர்தான்!

"மைக்செட் திரு. சௌந்தரபாண்டி அவர்களின் வேட்டி ஆணியில் மாட்டிப் பின்புறம் பிரிந்துவிட்டபடியால், உள்ளே பச்சைக் கோடு போட்ட பட்டாபட்டி டிராயர் தெரிகிறபடியால், நூல் கோத்த ஊசி வைத்திருப்பவர்கள் உடனடியாக மூன்றாவது பெஞ்சுக்கு வரவும்."

ஐயோ! தம்பி, பாருங்க, நிஜமா? எங்கே? கை போற இடமெல்லாம் காத்து! ஏன் தம்பி, பார்த்துக்கிட்டே இருந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கதை நல்லா இருக்குன்னுல்ல நினைச்சேன். துண்டைக் கொடுங்க. உங்ககிட்டத் துண்டு இல்லையா? அவர் வச்சுட்டுப் போன அந்த மஞ்சப்பையையாவது கொடுங்க.

மறுபடியும் சொல்றார். ரெண்டாம் தடவை! மூணாம் தடவையும் சொல்றார், 'அவர்கள்' போடலை, கவனிச்சீங்களா? வெறும் சௌந்தரபாண்டி!

இப்படியும் ஒரு மனுஷன் செய்வானா? காதோடு வந்து சொன்னால் என்ன? இத்தனை பேர் முன்னாடி, குழாய் வச்சு, அதுவும் டிராயரின் நிறத்தோடு! சம்பந்தக்காரனை இப்படி அவமானப்படுத்தின கதை எங்கேயாவது கேட்டிருக்கீங்களா? இதுக்கப்புறம் நான் ஜென்மத்துக்கும் அவரோடு பேசுவேனா? காதுகுத்தாவது ஒண்ணாவது. துப்பாக்கியில் அடிக்கட்டும். பீரங்கியில் அடிக்கட்டும்.

வர்றார். என் பக்கம்தான் வர்றார். நீங்க நடுவிலேயே இருங்க, எழுந்திருக்காதீங்க. சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுக்கிறார். பர்ஸுக்குள் ஒரு அட்டைத் துண்டு. அதில்...

தம்பி, அது கறுப்பு நூல்.

அதே ஊசி. நான் கொடுத்த ஊசி. எனக்குத் தெரியாதா, நான் தேர்ந்தெடுத்தது. இத்தனை வருஷம் பர்ஸிலேயே வச்சுக்கிட்டா திரிஞ்சிருக்கார்?

இருங்க, கையில் வாங்க மாட்டேன். அவர்கிட்டச் சொல்லுங்க, கையில் கொடுக்க வேண்டாம், பெஞ்சில் வைக்கணும். பகல்தான், இருந்தாலும் பெஞ்சில் வைக்கணும். சொல்லுங்க. ஆ, வச்சுட்டார். சொல்றதுக்கு முன்னாடியே வச்சுட்டார்.

எனக்குப் பின்னாடி கை எட்டாது. தம்பி தைப்பீங்களா? தெரியாதா? இந்தக் காலத்துப் பிள்ளைகள்... யாராவது சுவர்ப் பக்கம் மறைச்சுக்கிடுங்க. சரி, அவரே உட்கார்ந்துட்டார். முட்டி போட்டுத் தைக்கிறார். ஹெட்கிளார்க் தையல், சின்னச் சின்னதா வரிசையா இருக்கும் போலிருக்கு. வெள்ளை வேட்டியில் கறுப்பு நூல், தெருவில் போனால்... ஆ!

குத்திட்டார்! கை தவறிடுச்சாம். ஒண்ணும் தவறலை, நல்லா நிதானமாகத்தான் குத்தினார். இன்னைக்கு எனக்கு ரெண்டு ஊசி.

ஏன் சம்பந்தி, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிச்சா எச்சில்தான் தெறிக்கும், வார்த்தை தெறிக்காது. நாலு விரல் தள்ளிப் பிடிக்கணும். 'ஓர் அன்பான' என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தணும். குரல் பரவாயில்லை. கனமான குரல். காதுகுத்துக்கு வரவேற்பு நீங்களே சொல்லுங்க, நான் பெட்டியைப் பார்த்துக்கிறேன். பேத்தி பேர் சொல்றப்போ மட்டும் மைக்கை என்கிட்டக் கொடுத்துடணும்.

என்ன? 'முடியாது, பேரும் நான்தான் சொல்வேன்'னா? பார்த்தீங்களா தம்பி, வாயைத் திறந்ததுமே வம்பு. சரி சரி, அதை அரசிகிட்ட வச்சுப் பேசிக்குவோம் சம்பந்தி. முதல்ல நூலைக் கடிச்சு விடுங்க. சிஸ்டர் வந்துட்டாங்க. நீங்க முதல்ல போங்க. இல்லை இல்லை, நீங்கதான் பெரியவர். பயமா? எனக்கா?

போயிட்டார். மஞ்சப்பையைப் பார்த்துக்கிடச் சொல்லிட்டுப் போறார், கேட்டீங்களா? என்கிட்டச் சொன்னார். உங்ககிட்ட இல்லை.

நான் சொன்னேனா இல்லையா? ஊசியைக் கையில் கொடுத்தால் சண்டை. கீழே வச்சால் சண்டை தீர்ந்துடும். கண்ணால பார்த்தீங்க. வேற ஒரு காரணமும் கிடையாது. இதை நாலு பேருக்குச் சொல்லுங்க, உபயோகமாக இருக்கும்.

ஆனால் வேட்டி விஷயத்தைச் சொல்ல வேண்டாம். யாராவது ரொம்ப வற்புறுத்திக் கேட்டால், கிழிசல் ஒரு விரல்கடைன்னு மட்டும் சொல்லுங்க.